ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல்: கொட்டிலிலிருந்து கொட்டிலுக்கு

பண்ணைகளில் வளர்க்கப்படும் பன்றிகளைத் தாக்கும் வைரஸ் நோய்களுள், நுழைந்த கொட்டிலில் ஏறத்தாழ ஒரு விலங்கையும் உயிரோடு விட்டுவைக்காததும், நூறு ஆண்டுகளாக ஆராயப்பட்டும் எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட தடுப்பூசி இன்னும் வாய்க்காததும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்னும் நோயாகும். 2007ஆம் ஆண்டு கருங்கடலோரத்தில் ஒரு துறைமுகத்தில் தலைகாட்டிய இது, அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவின் பெரும்பகுதியையும் சீனாவையும் தென்கிழக்காசியாவையும் கடந்து, இந்தியாவின் வடகிழக்கு மலைகளுக்கும் கேரளத்தின் வயநாட்டுக்கும் வந்து சேர்ந்தது. இத்தனை தொலைவு பயணம் செய்த இந்த வைரஸ், தன் இயல்பில் விரைந்து பரவும் வைரஸ் அன்று என்பதே இந்நோயின் வரலாற்றில் முதன்மையாகக் கவனிக்கத்தக்க செய்தி; அதைத் தூக்கிச் சென்றவை வண்டிகளும் கப்பல்களும் உணவுக் கழிவும் மனிதரின் அச்சமுமே ஆகும்.

பெயரால் விளையும் குழப்பத்தை முதலில் நீக்கிக்கொள்வது நல்லது. 2009இல் மனிதரிடையே உலகெங்கும் பரவிய பன்றிக் காய்ச்சல் இன்ஃபுளுவென்சா வகையைச் சேர்ந்தது. அதற்கும் இங்கே பேசப்படும் நோய்க்கும் எவ்வித உறவும் இல்லை. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதரைத் தொற்றுவதில்லை, ஆடுமாடுகளையும் நாய்களையும் தொற்றுவதில்லை. பன்றி இனத்தைத் தவிர வேறெந்தப் பாலூட்டியையும் அது நோய்க்கு ஆளாக்குவதில்லை. பன்றிக் காலரா என்று முன்னர் வழங்கப்பட்ட இன்னொரு பன்றிக் காய்ச்சலும் உண்டு. அறிகுறிகளால் இரண்டையும் வேறுபடுத்துவது தேர்ந்த கால்நடை மருத்துவருக்கும் அரிது என்றாலும், அதன் வைரஸ் முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது, அதற்கு நம்பகமான தடுப்பூசியும் நெடுங்காலமாக உண்டு. பன்றிகள் மாண்டவுடன் பழைய நோய்தான் என்று எண்ணி, ஆய்வுக்கூட முடிவு வரும்வரை காலம் கடத்திவிடுவதால் விளைந்த இழப்பு சிறிதன்று.

நோய்க்குக் காரணமான வைரஸ், வைரஸ்களுக்குள் அளவில் பெரியது. பல வைரஸ்கள் பத்துப் பன்னிரண்டு மரபணுக்களோடு காலம் தள்ளுகையில், இது நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மரபணுக்களைச் சுமந்து நிற்கிறது. அஸ்ஃபார்விரிடே என்ற குடும்பத்தில் வேறு உறவினர் எவரும் இல்லாத தனி உறுப்பினராக அதை வகைப்படுத்தியிருக்கிறார்கள். உடலுக்குள் நுழையும் கிருமிகளை விழுங்கி அழிப்பதற்கென்றே அமைந்த பெருவிழுங்கு செல்களையே இது தன் குடியிருப்பாக்கிக்கொள்கிறது; காவலரின் வீட்டிலேயே திருடன் குடியேறியதற்கு ஒப்பான இந்த நிலையில், உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதங்களாலும் வைரஸை முழுமையாக முடக்க இயலாமற் போகிறது. தொற்று ஏற்பட்ட சில நாள்களில் பன்றிகள் கடுங்காய்ச்சல் கண்டு, தீனி எடுப்பதை நிறுத்தி, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து படுக்கின்றன, காதுமடலும் அடிவயிறும் கால்களும் செந்நீல நிறமாகின்றன, சினைப்பன்றிகளுக்குக் கருச்சிதைவு ஏற்படுகிறது, பல விலங்குகள் இரத்தக்கழிச்சல் கண்டு ஒன்று இரண்டு வாரத்துக்குள் இறக்கின்றன. இறந்த உடலைத் திறந்து பார்த்தால், மண்ணீரல் பன்மடங்கு வீங்கிக் கருத்து, தொட்டால் நொறுங்கும் நிலையில் இருக்கும். கொட்டில் ஒன்றில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை சாவது வழக்கம்.

இத்தனை கொடிய நோய், கோமாரியைப் போல் காற்றில் ஏறி ஊர்விட்டு ஊர் பாய்வதில்லை. நோயுற்ற பன்றியின் இரத்தமோ எச்சிலோ கழிவோ இன்னொரு பன்றியின் வாய்க்கோ மூக்குக்கோ சேர வேண்டும். ஒரே பண்ணையில் ஒரு கொட்டிலிலிருந்து அடுத்த கொட்டிலுக்குச் செல்லவும் நாள்கள் பல ஆகலாம், முதல் ஓரிரு சாவுகள் கவனிக்கப்படாமலும் போகலாம். பரவும் வேகத்தில் உள்ள குறையை இந்த வைரஸ் தாக்குப்பிடிக்கும் திறனால் ஈடுசெய்துகொள்கிறது. உறைய வைத்த இறைச்சியில் ஆண்டுக்கணக்கிலும், குளிரில் வைத்த இரத்தத்தில் ஓராண்டுக்கும் மேலாகவும், உப்பிட்டு உலர்த்திப் பதப்படுத்திய இறைச்சியில் மாதக்கணக்கிலும் அது தொற்றும் ஆற்றலோடு தங்கியிருக்கும். 70 பாகை செல்சியசில் அரைமணி நேரம் நன்றாக வேகவைத்தால் அழியும் என்பதால் சமைத்த உணவால் கேடில்லை. அரைகுறையாய்ப் பதப்படுத்திய ஒரு துண்டு, பயணியின் பையில் ஏறி, உண்ட மிச்சமாய்க் குப்பைக்குப் போய், அங்கிருந்து பன்றித் தொட்டிக்கு வந்துவிட்டால், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவு ஒரே நாளில் கடக்கப்பட்டுவிடுகிறது.

நோயின் தாயகம் கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்கா. முகத்தில் மருப்போன்ற புடைப்புகள் கொண்ட வார்ட்ஹாக் என்னும் காட்டுப்பன்றியும், அதன் வளைகளில் வாழும் ஒருவகை மென் உண்ணியும் தமக்குள் இந்த வைரஸை நெடுங்காலமாகப் பரிமாறிவந்துள்ளன. வளையில் பிறந்த குட்டியை உண்ணி கடிக்கிறது. குட்டியின் இரத்தத்தில் வைரஸ் சில நாள் உலவி அடங்குகிறது. அக்காலத்தில் கடிக்கும் பிற உண்ணிகள் அதை எடுத்துக்கொள்கின்றன. வார்ட்ஹாக்குக்கோ நோய் என்று சொல்லத்தக்க எதுவும் தோன்றுவதில்லை. காட்டில் யாருக்கும் கேடு செய்யாமல் சுழன்றுவந்த இந்த ஏற்பாட்டின் நடுவே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்யாவில் குடியேறிய ஐரோப்பியர் தம் நாட்டுப் பன்றிகளைக் கொண்டுவந்து விட்டனர். அவை கூட்டங்கூட்டமாய் மாண்டன. ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர் யூஸ்டஸ் மான்ட்கோமரி பல ஆண்டுகள் ஆராய்ந்து, இது பழைய பன்றிக் காய்ச்சல் அன்று, வேறொரு நோய் என்றும், காட்டுப்பன்றிகளே அதன் இருப்பிடம் என்றும் 1921இல் எழுதினார். பண்ணைகளுக்கு வேலியிட்டுக் காட்டுப்பன்றிகளை விலக்கி வைத்தாலே நோய் வெகுவாகக் குறையும் என்பது அப்போதே தெரிந்திருந்தது.

முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1957இல், நோய் முதன்முறையாகக் கண்டம் தாண்டியது. லிஸ்பன் விமான நிலையத்துக்கு அருகே பன்றி வளர்த்தவர்கள், விமானங்களிலிருந்து இறக்கிய உணவுக் கழிவைத் தீனியாகக் கொடுத்ததே காரணம் என்று கொள்ளப்படுகிறது. போர்ச்சுகலின் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளோடு அந்நகருக்கு இருந்த வான்வழித் தொடர்பு அதற்கு வழி செய்தது. அம்முறை விரைந்து கொன்று ஒழித்துவிட்டார்கள். 1960இல் மறுபடி நுழைந்தபோது அது ஸ்பெயினுக்கும் பரவி, ஐபீரிய மூவலந்தீவிலேயே முப்பதாண்டுகளுக்கு மேல் நிலைத்துவிட்டது. இடையே, வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸைத் தடுப்பூசியாகப் போட்டுப் பார்த்தார்கள். ஊசி போட்ட பன்றிகள் பலவும் சாகாமல், மூட்டு வீக்கமும் தோல் புண்ணும் நுரையீரல் அழற்சியுமாக நாள்பட்ட நோயாளிகளாகி, வைரஸைச் சுமந்து திரிந்தன. அந்தத் தோல்வியின் நினைவு, பின்னர் வந்த தலைமுறை ஆய்வாளர்களை இன்றுவரை எச்சரிக்கையோடு நடக்கச் செய்கிறது. அத்துடன், பழைய கற்கொட்டில்களின் சுவர் வெடிப்புகளில் வாழ்ந்த உள்ளூர் உண்ணி ஒன்றும் வைரஸை ஏற்றுக்கொண்டது என்பது 1963இல் ஸ்பெயினில் கண்டறியப்பட்டது. அந்த உண்ணிக்குள் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக வைரஸ் தங்கவல்லது என்பதால், பன்றிகளை அகற்றிக் கொட்டிலைக் காலியாக வைத்திருப்பது மட்டும் போதவில்லை.

அக்காலத்து ஒழிப்பு முறைகள் கடுமையானவை. 1978இல் நோய் கண்ட மால்டா, தன் தீவுகளில் இருந்த பன்றிகள் அனைத்தையும் கொன்றது. அதே ஆண்டு டொமினிக்கன் குடியரசிலும், அடுத்த ஆண்டு அண்டை நாடான ஹெய்ட்டியிலும் நோய் தோன்றியபோது, தன் பண்ணைகளுக்கு அது வந்துவிடும் என்று அஞ்சிய அமெரிக்கா முன்னின்று பணம் கொடுக்க, ஹெய்ட்டியின் நாட்டுக் கறுப்புப் பன்றி இனம் முழுவதும் 1982, 1983ஆம் ஆண்டுகளில் அழிக்கப்பட்டது. அந்தப் பன்றி, அங்குள்ள குடியானவருக்குத் தீனிச்செலவின்றி வீட்டுக் கழிவையும் காட்டுக் கிழங்கையும் தின்று வளர்வது. பள்ளிக் கட்டணத்துக்கும் திருமணத்துக்கும் சாவுச் செலவுக்கும் விற்றுப் பணமாக்குவது. ஏழைக் குடும்பத்தின் ஒரே சேமிப்பு. ஈட்டுத்தொகை பலருக்குச் சென்று சேரவில்லை. மாற்றாக அமெரிக்காவிலிருந்து வந்த வெண்பன்றிகளுக்குச் சிமென்ட் தளமும் கூரையும் விலைகொடுத்து வாங்கும் தீவனமும் வேண்டியிருந்தன; வளர்ப்பவரே அவ்வாறான வீட்டில் வாழாத ஊரில் அவை எப்படித் தங்கும்? பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளின் எண்ணிக்கை பல கிராமங்களில் சரிந்தது. வைரஸை ஒழித்த அறிக்கைகளில் இந்நிகழ்வு வெற்றி என்றே பதிவாகியுள்ளது. நோயைக் காட்டிலும் ஒழிப்பு கொடிதாக அமைந்த இடம் ஹெய்ட்டி என்று சொல்வது மிகையாகாது.

1990களின் நடுவில், ஆப்பிரிக்காவுக்கு வெளியே இத்தாலியின் சார்டீனியா தீவில் மட்டுமே நோய் எஞ்சியிருந்தது. உலகம் ஏறக்குறைய மறந்துவிட்டிருந்த நேரத்தில், 2007இல், ஜார்ஜியா நாட்டின் போட்டி துறைமுகப் பகுதியில் பன்றிகள் சாகத் தொடங்கின. தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் உலவும் இரண்டாம் மரபணு வகை வைரஸ் அது என்று மரபணுப் பகுப்பாய்வு காட்டியது. கப்பலில் வந்த உணவுக் கழிவைத் தெருவில் மேயும் பன்றிகள் தின்றிருக்க வேண்டும் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். அங்கிருந்து ஆர்மீனியா, அஜர்பைஜான், ரஷ்யா என்று நகர்ந்து, 2014இல் லித்துவேனியா, போலந்து வழியாக ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் புகுந்தது. இம்முறை அதற்குப் புதிய துணை கிடைத்தது: ஐரோப்பியக் காடுகளில் பெருகியிருந்த காட்டுப்பன்றி. வார்ட்ஹாக்கைப் போல் இது நோயைத் தாங்கிக்கொள்வதில்லை, செத்துவிழுகிறது; விழுந்த உடல் குளிர்காலக் காட்டில் அழுகாமல் மாதக்கணக்கில் கிடக்க, அதை முகர்ந்தும் கிளறியும் செல்லும் பிற பன்றிகள் நோயை எடுத்துக்கொள்கின்றன. செத்த உடலே கிருமியின் கிடங்காகிவிடுகிறது.

2017இல் செக் நாட்டின் ஸ்லீன் பகுதியிலும், 2018இல் பெல்ஜியத்தின் தென்கோடியிலும், மிக அருகிலிருந்த தொற்றுப் பகுதியிலிருந்தும் பல நூறு கிலோமீட்டர் தள்ளி, இறந்த காட்டுப்பன்றிகளில் நோய் கண்டறியப்பட்டது. எந்தக் காட்டுப்பன்றியும் அவ்வளவு தொலைவு நடந்திருக்க முடியாது, மனிதரே கொண்டுவந்திருக்கிறார்கள். இரு நாடுகளும் வேட்டையை உடனே தொடங்கவில்லை, ஏனெனில் துப்பாக்கி ஒலிக்கு மிரண்ட பன்றிகள் நாலாபுறமும் சிதறி நோயைப் பரப்பும். முதலில் வேலியிட்டு, காட்டுக்குள் மனித நடமாட்டத்தைத் தடுத்து, செத்த உடல்களைத் தேடித்தேடி அகற்றி, அதன் பிறகே எஞ்சியவற்றைக் குறைத்தார்கள். இரண்டு நாடுகளும் நோயிலிருந்து விடுபட்டன. ஒரு பண்ணைப் பன்றிக்கும் அது தொற்றவில்லை.

சீனாவில் நடந்தது இதற்கு நேர்மாறானது. உலகப் பன்றிகளில் ஏறத்தாழப் பாதியை, அதாவது நாற்பது கோடிக்கும் மேற்பட்டவற்றை வளர்த்த அந்நாட்டில், 2018 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் வடகிழக்கிலுள்ள ஷென்யாங் நகரில் நோய் அறிவிக்கப்பட்டது. ஒன்பது மாதத்துக்குள் பெருநிலப்பரப்பின் எல்லா மாகாணங்களுக்கும் அது சென்றுவிட்டது. முதலில் ஆராயப்பட்ட 68 பரவல்களில் ஏறத்தாழப் பாதிக்கு வண்டிகளும் ஆள்நடமாட்டமும், மூன்றில் ஒரு பங்குக்கு உணவுக் கழிவுத் தீனியும், ஐந்தில் ஒரு பங்குக்கு உயிர்ப்பன்றிப் போக்குவரத்தும் காரணம் என்று சீன அதிகாரிகளே கண்டனர். நோய் கண்ட மாகாணங்களிலிருந்து பன்றிகளை வெளியே கொண்டுசெல்வதைத் தடைசெய்தவுடன், அங்கே விலை வீழ்ந்தது, தடையில்லாத நுகர்வு மாகாணங்களில் ஏறியது. அந்த விலை இடைவெளியே கள்ளக் கடத்தலுக்குக் கூலியாயிற்று. கொல்லப்படும் ஒவ்வொரு பன்றிக்கும் 800 யுவானாக இருந்த இழப்பீட்டை 1,200 ஆக உயர்த்தினாலும், அதில் ஒரு பங்கை உள்ளூர் நிர்வாகங்கள் ஏற்க வேண்டியிருந்ததால், வருவாய் குறைந்த வட்டாரங்கள் நோயை அறிவிக்கத் தயங்கின. 2019 செப்டம்பரில் நாட்டின் பன்றித்தொகை, முந்தைய ஆண்டைவிட 40 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டது. இறைச்சி விலை இரு மடங்கைத் தாண்டியது. அரசு தன் உறைபதன இருப்பைச் சந்தைக்குத் திறந்துவிட்டது. வியட்நாமில் அதே ஆண்டு ஏறத்தாழ அறுபது லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. சீனாவிலிருந்து சென்ற பயணிகளின் பைகளிலிருந்து எடுக்கப்பட்ட தொத்திறைச்சியில் வைரஸின் மரபணுவை ஜப்பான், தென்கொரிய விமான நிலையங்கள் கண்டன. ஜப்பான் உயிருள்ள வைரஸையே பிரித்தெடுத்தது.

தடுப்பூசியின் தேவை இக்காலத்தில் பெருங்குரலாக எழுந்தது. அமெரிக்க வேளாண்துறை ஆய்வாளர்கள், ஜார்ஜியாவில் கிடைத்த வைரஸிலிருந்து ஒரே ஒரு மரபணுவை நீக்கி உருவாக்கிய வலுவிழந்த வகையை அடிப்படையாகக் கொண்டு வியட்நாம் நிறுவனம் ஒன்று தடுப்பூசி தயாரித்தது. 2022இல் அதற்கு அனுமதி கிடைத்தபின், விதிமுறைக்கு மாறாக இனப்பெருக்கப் பன்றிகளுக்கும் போடப்பட்டுச் சில மாவட்டங்களில் பன்றிகள் இறந்ததால் இடையே நிறுத்தப்பட்டு, 2023இல் வேறொரு தடுப்பூசியோடு சேர்த்துக் கொழுக்க வைக்கும் குட்டிகளுக்கு மட்டும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. உயிருள்ள வைரஸைக் கொண்ட தடுப்பூசி, தன் பழைய வீரியத்துக்குத் திரும்பிவிடுமோ, களத்திலுள்ள வைரஸோடு கலந்து புதிய வகையை ஈன்றுவிடுமோ என்ற கவலை கற்பனையன்று. சீனாவில் இரண்டு மரபணு வகைகள் கலந்து பிறந்த கொடிய வைரஸ்கள் பண்ணைகளில் பரவுவதை 2023இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அனுமதியின்றி விற்கப்பட்ட தடுப்பூசிகளிலிருந்து வந்தவை என்று ஐயுறத்தக்க வலுவிழந்த வகைகளும் அங்கே தென்பட்டுள்ளன. இவை பன்றியை உடனே கொல்லாமல், மெல்ல வாட்டுவதால் கண்டுபிடிப்பதும் கடினமாகிறது.

இந்தியாவில் நோய் 2020இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் வெளிப்பட்டது. போபாலிலுள்ள உயர்பாதுகாப்பு விலங்கு நோய்கள் ஆய்வு நிறுவனம் அதை உறுதிசெய்தது. முந்தைய ஆண்டே திபெத்திலும் மியான்மரிலும் நோய் இருந்ததால் எந்த வழியே நுழைந்தது என்பதை அறுதியிட்டுச் சொல்வது அரிது. கொரோனா ஊரடங்கின் நடுவே, பிரம்மபுத்திராவில் பன்றிப் பிணங்கள் மிதந்துவந்த காட்சி நாடு அறிந்தது. 2019ஆம் ஆண்டின் இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலிருந்த ஏறத்தாழ 90 லட்சம் பன்றிகளில் 21 லட்சம் அசாமில் மட்டும் இருந்தன. வடகிழக்கு மாநிலங்களில் பன்றி இறைச்சி விருந்திலும் திருவிழாவிலும் முதன்மையானது, அதை வளர்ப்பவரில் பெரும்பாலோர் இரண்டு மூன்று பன்றிகளை வீட்டோரக் கொட்டிலில் வைத்திருக்கும் பெண்கள். 2021 மார்ச்சில் வங்கதேச எல்லையருகே மிசோரமுக்குள் நோய் புகுந்தது. அந்த ஆண்டில் மட்டும் 30,000க்கும் மேற்பட்ட பன்றிகள் அங்கே மாண்டன.

விதிப்படி, நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் பரப்பு தொற்றுப் பகுதியாக அறிவிக்கப்பட்டு, அதிலுள்ள பன்றிகள் நலமாய் இருந்தாலும் கொல்லப்பட வேண்டும். பத்துக் கிலோமீட்டர் கண்காணிப்புப் பகுதியில் விற்பனையும் போக்குவரத்தும் தடைபடும். இந்த விதி ஒரு சிறு வளர்ப்பாளரின் முன் வைக்கும் கணக்கைக் கூர்ந்து பார்த்தால், நோய் பரவும் வழி விளங்கும். இரண்டு பன்றிகள் தீனி எடுக்காமல் படுத்திருக்கின்றன. கால்நடைத் துறைக்குச் சொன்னால் மருத்துவர் மாதிரி எடுத்து அனுப்ப, முடிவு வரச் சில நாள் ஆகும். நோய் உறுதியானால் எஞ்சியவையும் போகும், பக்கத்து வீட்டாரின் பன்றிகளும் போகும், அவர்களின் பகையும் சேரும். இழப்பீடு எப்போது வரும் என்பதை யாரும் சொல்வதில்லை. இழப்பீடு கொல்லப்பட்டவற்றுக்கே தவிர, நோயால் தானே செத்தவற்றுக்குக் கிடைக்காது. சொல்லாமல் இருந்தால், இன்றிரவே கறிக்கடைக்காரருக்குப் பாதி விலைக்காவது தள்ளிவிடலாம். பிள்ளையின் கட்டணமும் கூட்டுறவுக் கடனும் தலைக்குமேல் நிற்கும் குடும்பம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதில் வியப்பில்லை. அவ்வாறு அவசரமாக வெட்டப்பட்ட பன்றியின் இரத்தமும் குடலும் அலசிய நீரும், அடுத்த ஊரின் கொட்டிலுக்கு வைரஸைக் கொண்டுசேர்க்கின்றன. சிறு வளர்ப்பாளரின் அறியாமையே நோய்க்குக் காரணம் என்று எழுதுவது எளிது; உண்மையில் அவர் தமக்குத் தெரிந்த கணக்கைச் சரியாகவே போடுகிறார், கணக்கின் விதிகளே அவருக்கு எதிராக எழுதப்பட்டிருக்கின்றன.

தெற்கில், 2022 ஜூலையில் வயநாட்டின் மானந்தவாடியில் நோய் உறுதியாகி, கேரளத்தின் வேறு மாவட்டங்களுக்கும் சென்றது. ஓட்டல், கறிக்கடைக் கழிவை நம்பியே தென்மாநிலங்களில் பல பன்றிப் பண்ணைகள் நடப்பதால், அண்டை மாநில வண்டிகள் நாள்தோறும் எல்லை தாண்டும் பகுதிகளில் இடர் மிகுதி. கழிவைக் கொதிக்கவைத்துக் கொடுத்தால் வைரஸ் அழியும் என்றாலும், விறகுக்கும் ஆளுக்கும் ஆகும் செலவைப் பண்ணையாளரே ஏற்க வேண்டியிருக்கிறது. 2023 ஜனவரியில் முதுமலைப் புலிகள் காப்பகத்தின் தெப்பக்காட்டுப் பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட காட்டுப்பன்றிகள் இறந்துகிடந்தன. ஆய்வில் இந்நோயே காரணம் என்று தெரிந்தது. புலிக்கும் பிற விலங்குகளுக்கும் வைரஸால் தீங்கில்லை. ஆயினும் இரையின் ஒரு பகுதி குறைவதோடு, காட்டிலிருந்து மறுபடி ஊர்க் கொட்டிலுக்கு நோய் திரும்பும் வாயிலும் திறந்துவிடுகிறது. அசாமின் புல்வெளிகளில் மட்டுமே சில நூறு எஞ்சியுள்ள குள்ளப்பன்றி இனத்துக்கு இந்த வாயில் அழிவின் வாயிலாகவே அமையக்கூடும். கடல் தாண்டி இலங்கையின் பண்ணைகளையும் நோய் 2024இல் எட்டிவிட்டது. தமிழ்நாட்டில் பன்றி வளர்ப்போர் பெரும்பாலும் சமூகத்தின் விளிம்பில் நிறுத்தப்பட்டவர்கள். மாடு செத்தால் செய்தியாகும் நாட்டில் அவர்களுடைய இழப்பு கணக்கில்கூட ஏறாமல் போய்விடுகிறது. இந்தப் புறக்கணிப்பு நெறிப்படி தவறு என்பதோடு, நோய்க் கண்காணிப்பில் ஓட்டையாகவும் இருக்கிறது.

தடுப்பூசி இன்றியே இந்நோயை ஒரு பெரிய நாடு ஒழிக்க முடியுமா என்ற வினாவுக்கு ஸ்பெயினின் விடை கையிருப்பில் உள்ளது. கால் நூற்றாண்டு வெற்றியின்றிக் கொன்று பார்த்த அந்நாடு, 1985இல் புதிய திட்டமொன்றைத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியும் துணை நின்றது. கால்நடை மருத்துவர் குழுக்கள் வண்டிகளில் பண்ணை பண்ணையாகச் சென்று, இனப்பெருக்கப் பன்றிகளின் இரத்தத்தைத் தொடர்ந்து சோதித்தன; நோயிலிருந்து தேறி வைரஸைச் சுமந்த பன்றிகள் அவ்வாறே பிடிபட்டன. உண்ணி மண்டிய பழங்கொட்டில்கள் இடித்துப் புதிதாகக் கட்டப்பட்டன அல்லது அடைக்கப்பட்டன. விலங்குகளுக்கு அடையாளக் குறியும், வண்டிகளுக்குக் கழுவுமிடமும் கட்டாயமாயின. இவற்றைவிட முக்கியமாக, வளர்ப்பவர்களே நலப் பாதுகாப்புச் சங்கங்களாகத் திரண்டு, மருத்துவரைத் தாமே அமர்த்திக்கொள்ள அரசு பணம் கொடுத்தது. நோயை அறிவித்தவருக்கு இழப்பீடு போதிய அளவிலும் காலந்தாழ்த்தாமலும் சென்று சேர்ந்தது. மறைப்பதைவிடச் சொல்வதில் இலாபம் இருந்தபோது, ஒவ்வொரு பண்ணையாளரும் தம் அயலாரைக் கண்காணிப்பவராகவும் மாறினார். கருவாலி மரக்காடுகளில் கொட்டையுண்டு திரியும் பன்றிகள் நிறைந்த தென்மேற்குப் பகுதியே கடைசிவரை இடர் தந்தது. அதையும் கடந்து 1995இல் ஸ்பெயின் நோயற்ற நாடாயிற்று, பின்னர் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மிகுதியாகப் பன்றி வளர்க்கும் நாடாகவும் வளர்ந்தது.

இந்தியாவில் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புக்கான 2009ஆம் ஆண்டுச் சட்டம் நோயை அறிவிக்கும் கடமையை வளர்ப்பவர் மேல் சுமத்துகிறது. அறிவித்தவருக்குப் பணம் எத்தனை நாளில் கையில் சேர வேண்டும் என்பதையும் அதே உறுதியோடு வரையறுத்து, தானே செத்த பன்றிக்கும் ஒரு பங்கு வழங்கி, வட்டாரந்தோறும் விரைவாகச் சோதிக்கும் வசதியையும் ஏற்படுத்துவது, தடுப்பூசிக்காகக் காத்திராமல் இன்றே செய்யத்தக்க பணி. ஆயத்தமாக இருப்பதன் பொருளை ஸ்பெயினே மறுபடி காட்டியது: 2025 நவம்பரில் பார்சிலோனாவுக்கு அருகே, ஏறத்தாழ முப்பதாண்டு இடைவெளிக்குப் பின், இறந்துகிடந்த இரண்டு காட்டுப்பன்றிகளில் இந்த வைரஸ் மீண்டும் கண்டறியப்பட்டபோது, ஸ்பெயினின் அதிகாரிகள் சுற்றுப்புறப் பண்ணைகளைச் சோதிக்கவும் காட்டுப்பாதைகளை மூடவும் செத்த உடல்களைத் தேடவும் உடனே இறங்கினர்.